அடைப்பு ஏதுமில்லை

“மூச்சை உள்ள இழுங்கம்மா, விடுங்க, இப்ப அப்படியே நிறுத்துங்க” என்று ஹெட்போனுக்குள் அந்தப் பெண் சொன்னாள். தமயந்தி நிறுத்தினாள். உடனே எம்.ஆர்.ஐ. இயந்திரம் அவளைச் சுற்றித் தகரத்தில் ஆணி அடிப்பதுபோல் தட்ட ஆரம்பித்தது. கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நாலு விரற்கடை உயரத்தில் வெள்ளை மூடி தெரியும், திறக்கக் கூடாது என்று உள்ளே போகும்போதே முடிவு செய்திருந்தாள். நெஞ்சின்மேல் பலகை மாதிரி ஒன்றை வைத்துப் பட்டையால் கட்டியிருந்தார்கள். இரண்டு கையிலும் ஊசி. வலது உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்து. முடியலைன்னா இதை அமுக்குங்க, ஓடி வந்துருவோம் என்று சொல்லியிருந்தாள் அந்தப் பெண். முக்கால் மணி நேரம் ஆகுமாம். முக்கால் மணி நேரம் என்றால் ஒரு பீரியடு. முப்பத்து நாலு வருஷம் பீரியடு பீரியடாக வாழ்ந்தவள், அதில் கடைசிப் பதினோரு வருஷம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை, மணியடிக்கச் சொல்கிற இடத்தில் இருந்தவள், இப்போது எப்போது மூச்சு விட வேண்டும் என்று இன்னொருத்தி சொல்லக் காத்துக் கிடக்கிறாள். “விடலாம்மா.” விட்டாள். வெளியே வராந்தாவில் அவர் உட்கார்ந்திருப்பார். தாலிச் சங்கிலி, வளையல், தோடு எல்லாவற்றையும் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு, யார் போனாலும் வந்தாலும் முடிச்சை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். கழுத்தில் மஞ்சள் நூல் மட்டும் உறுத்தியது. ஏதாவது இருக்கணும் என்று நினைத்தாள். நினைத்ததும் கூசியது. ஊரில் எல்லோரும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு இந்தக் குழாய்க்குள் போவார்கள், இவள் இருக்கன்குடி மாரியம்மனிடம், தாயே, இந்தத் தடவையாவது ஏதாவது தெரியட்டும், கோளாறு இது என்று ஒரு பேராவது எழுதிக் கொடுக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மறுபடி ஒண்ணுமில்லை என்று சொல்லிவிட்டால் இவள் எந்த முகத்தோடு விருதுநகருக்கு பஸ் ஏறுவாள்.

ரிடையரான எட்டாவது மாசம் அது முதலில் வந்தது. மார்க்கெட்டிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறியபோது நெஞ்சின் நடுவில், யாரோ முழங்கையை வைத்து ஊன்றியதுபோல. இடது தாடைவரைக்கும் இழுத்தது. ஒரு செருப்புக் கடை வாசலில் பையை வைத்துவிட்டு நின்றாள். நின்றாலும் போகவில்லை, இருபது நிமிஷம் இருந்தது, பிறகு வந்ததுபோலவே போயிற்று. அப்புறம் துணி காயப்போடும்போது. அப்புறம் மகளோடு போனில் சண்டை போட்டுவிட்டு வைத்தபோது. ஈசிஜி எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், ஓடுகிற பட்டையின்மேல் நடக்கவிட்டார்கள், அதில் ஏதோ லேசாக மாறுது என்று மதுரைக்கு அனுப்பி மணிக்கட்டு வழியாகக் கம்பி விட்டு ஆஞ்சியோ பார்த்தார்கள். “அம்மா, சூப்பரா இருக்கு. அடைப்பு ஏதுமில்லை. இருபத்தஞ்சு வயசுப் பொண்ணு ரத்தக்குழாய் மாதிரி இருக்கு, சந்தோஷமா வீட்டுக்குப் போங்க” என்று சிரித்தார் அந்த இளைஞர். அவள் கணவர் சோமசுந்தரமும் சந்தோஷமாகத்தான் வந்தார், மின்வாரியத்தில் முப்பது வருஷம் இருந்தவர், எல்லாவற்றையும் லைனில் கரண்ட் வருதா வரலையா என்று பார்க்கிறவர். வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கினார். அக்கம்பக்கத்தில் கொடுத்தார். நாலாம் நாள் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவள் மறுபடி உட்கார்ந்தபோது வந்து பார்த்து, “ஒண்ணுமில்லைன்னுதான சொன்னாங்க?” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அப்போதிலிருந்து வாயு மாத்திரை, இஞ்சிச் சாறு, தூக்க மாத்திரை, மனசை லேசா வச்சுக்கம்மா, வேலையில்லாம வீட்ல இருக்கறதால வருது, யோகா கிளாஸ் போ என்று மகள். ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. ஒருநாள் அந்தச் சொல்லை வேறு யாரோ சொல்வதுபோல் கேட்டு, இந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்தபோதுதான் அது தன் குரல் என்று தெரிந்தது. “ஆஞ்சியோல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்கே பொன்மலர். அப்புறம் எதுக்கு இந்த லெட்டர்?”

“இழுங்கம்மா. விடுங்க. நிறுத்துங்க.” தகரம் தட்டியது. பொன்மலர் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள். சாத்தூர் பக்கத்துக்காரி, ஒல்லி, பேசும்போது ஒரு கையால் இன்னொரு கையின் வளையலைத் திருகிக்கொண்டே பேசுவாள், நல்ல டீச்சர், அதில் யாரும் குறை சொல்ல முடியாது, தமயந்தியும் சொன்னதில்லை. ரிசல்ட் வரும்போது அறிவியலில் எப்போதும் நூறு சதவீதம். பத்தாம் வகுப்பு பி பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. அதைக் கீழே மாற்றிக் கொடுங்கள் என்றாள், படி ஏறினால் நெஞ்சு வலிக்கிறது என்றாள், அவ்வளவுதான் அவள் கேட்டது. ஒரு வகுப்பறை. மாற்றியிருக்கலாம். ஆறாம் வகுப்பை மேலே ஏற்றியிருக்கலாம், சின்னப் பிள்ளைகள், குதித்துக்கொண்டு ஏறியிருக்கும். மாற்றுவதில் என்ன கஷ்டம் இருந்தது? இருந்தது, ஏன் இல்லை, கீழே ஸ்மார்ட் போர்டு வைத்திருந்தார்கள், முட்டிவலி என்று நாலு பேர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருத்திக்கு மாற்றினால் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள், ஒரு பள்ளிக்கூடத்தை நடத்துகிறவளுக்குத்தானே அது தெரியும். ரிப்போர்ட்டைக் கொண்டு வாங்க என்றாள். கொண்டு வந்தாள். அடைப்பு ஏதுமில்லை என்று இருந்தது. ரிப்போர்ட்டில் இருப்பதைத்தானே நம்ப முடியும்? இவள் என்ன டாக்டரா? அந்த நியாயத்தை இவள் ஆறு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறாள். நான் டாக்டரா. டாக்டரே இல்லை என்றபோது நான் எப்படி. சரிதான். யார் கேட்டாலும் ஒத்துக்கொள்வார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை. “விடலாம்மா. நல்லாப் பண்றீங்க.”

ஆனால் ரிப்போர்ட்டை நம்பியதோடு நிற்கவில்லையே. ஸ்டாஃப் மீட்டிங்கில் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் பற்றிப் பேசும்போது பொன்மலர் எழுந்து, “மேடம், பிள்ளைங்களுக்கும் ஒருநாள் வேணும், எங்களுக்கும் வேணும்” என்றாள். நாலு பேர் தலையாட்டினார்கள். அதற்கு இவள் என்ன சொன்னாள்? “எனக்கும்தான் நெஞ்சு வலிக்குது டீச்சர், உங்களையெல்லாம் பார்த்தா.” எல்லோரும் சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள், கடைசி பெஞ்சிலிருந்த ஓவிய ஆசிரியர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பொன்மலரும் சிரித்தாள், அதுதான் இப்போது நினைத்தால் தாங்கவில்லை, அவளும் வளையலைத் திருகிக்கொண்டு கூடச் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிய கடிதம். ‘உடல்நலக் குறைவு எனக் காரணம் காட்டிப் பணியைத் தவிர்க்கும் போக்கு காணப்படுகிறது.’ அந்த வாக்கியத்தை இவளே எழுதினாள், கிளார்க் எழுதிக் கொடுத்தது சரியில்லை என்று அடித்துவிட்டுத் தன் கையால் எழுதினாள், ‘போக்கு’ என்ற சொல் கிடைத்தபோது திருப்தியாக இருந்தது. மெடிக்கல் போர்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டுப் பணிக்குத் தகுதி என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் பொன்மலர் விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டுப் போனாள். ஐம்பது வயது. இன்னும் பத்து வருஷ சர்வீஸ். அவளுடைய மகள் காலேஜில் சேர்ந்த வருஷம். பிரிவு உபசார விழா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, வணக்கம் மேடம் என்று சொல்லிவிட்டுப் போனாள். இவ்வளவையும் தமயந்தியால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கடிதத்தை நினைக்க முடிகிறது, மீட்டிங்கை நினைக்க முடிகிறது. படியை மட்டும் முடியவில்லை. படிக்கு வரும்போதெல்லாம் மனசு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது, மகள் நாளைக்கு போன் பண்ணுவாளா, கேஸ் அடுப்பை அணைத்தோமா, நேற்றிலிருந்து காபி குடிக்காததால் தலை வலிக்கிறதே.

“அம்மா, இப்ப மருந்து ஏத்தப் போறோம். அஞ்சு நிமிஷந்தான். மூச்சு முட்டற மாதிரி இருக்கும், நெஞ்சு அழுத்தும், முகம் சூடாகும். பயப்படாதீங்க, நிறுத்துன உடனே போயிரும்.” இந்த டெஸ்டுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் ரெஹானாவும் இதையேதான் சொல்லியிருந்தார். மாடி ஏறும்போது இதயம் வேலை செய்யற மாதிரி மருந்தால செய்ய வைப்போம்மா, அப்ப ரத்தம் சதைக்குள்ள எப்படிப் போகுதுன்னு படம் எடுப்போம். இரண்டு வருஷத்தில் அந்த அம்மாள் ஒருத்திதான், படி ஏறும்போது வருதா, ஏறி முடிச்ச பிறகும் இருக்கா, எத்தனை நிமிஷம் இருக்கு, கோபப்பட்டா வருதா என்று கேட்டுக் கேட்டு எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்து, “நீங்க சொல்றதை நான் நம்புறேன்” என்றார். அதற்குத் தமயந்தி, ஃபீஸ் எங்கே கட்டணும் என்று கேட்டாள். மருந்து இடது கையில் குளிர்ந்து ஏறியது. முதலில் ஒன்றுமில்லை. பிறகு காது மடல் சுட்டது, தொண்டை சுருங்கியது, பிறகு அது வந்தது, அதேதான், அந்த முழங்கை, நடு நெஞ்சில் ஊன்றி, தாடையைப் பிடித்து இழுத்து. பந்தை இறுக்கிப் பிடித்தாள். அமுக்கவில்லை. அமுக்கினால் நிறுத்திவிடுவார்கள், நிறுத்தினால் படத்தில் விழாது. வா, நல்லா வா, உன்னை எல்லோரும் பார்க்கட்டும். “மூச்சைப் பிடிங்கம்மா.” பிடித்தாள். இயந்திரம் வேகமாகத் தட்டியது. இனிமேல் திரும்புவதற்கு வேறு பக்கம் இல்லை, வலி எல்லாப் பக்கத்தையும் அடைத்துக்கொண்டது, அதற்குள்ளே இருந்து படி வந்தது.

டிசம்பர். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம், காலையில் அசெம்பிளியில் பிள்ளைகள் ஸ்வெட்டரோடு நின்ற நாள். மூன்றாவது பீரியடு மணி அடித்து, இவள் இரண்டாவது மாடியிலிருந்து ரவுண்ட்ஸ் முடித்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். முதல் மாடிக்கும் இரண்டாவது மாடிக்கும் நடுவில், படி திரும்புகிற இடத்தில், சுவரோரமாகப் பொன்மலர் உட்கார்ந்திருந்தாள். மடியில் விடைத்தாள் கட்டு. வலது கையால் நெஞ்சை அழுத்திப் பிடித்திருந்தாள். தமயந்தி இரண்டு படிக்கு மேலே நின்றாள். பொன்மலர் நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்து, சாம்பல் பூத்து, மேலுதட்டில் வேர்வை, முத்து முத்தாக, அந்த டிசம்பர்க் குளிரில். நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. தமயந்தி பார்த்தாள். எவ்வளவு நேரம்? இரண்டு நொடி இருக்கும். மூன்று இருக்கும். அந்த மூன்று நொடியில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இது நடிப்பில்லை. யாராலும் தன்னை இப்படி வேர்க்க வைத்துக்கொள்ள முடியாது. ரிப்போர்ட்டில் என்ன இருந்தாலும் இவளுக்கு உள்ளே ஏதோ நடக்கிறது. தெரிந்தது. தெரியாது என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது பொய். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இவள் சொன்னாள், “பிள்ளைங்க பார்க்குது. எந்திரிங்க. கிளாஸுக்கு நேரமாச்சு.” ஏன்? இன்ஸ்பெக்‌ஷனா, இல்லை, அன்றைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லை. மீட்டிங்கில் எழுந்து எதிர்த்துப் பேசியதற்கா? அப்படியும் இல்லை, அதுவும்தான். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது, இப்போது இவளை நம்பினால் அந்தக் கடிதம் என்னாவது? ‘போக்கு’ என்னாவது? அதையும் தாண்டி, இன்னும் அடியில், ஒரு சின்னத் திருப்தி இருந்தது, சுண்டுவிரல் அளவு, இவ்வளவு கெட்டிக்காரி தன் காலடியில் இரண்டு படி கீழே உட்கார்ந்திருக்கிறாள் என்று. இருந்தது. இப்போது அதைப் பார்க்க முடிந்தது. பொன்மலர் சுவரைப் பிடித்து எழுந்தாள். விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இவளைத் தாண்டி, ஒவ்வொரு படியாக மேலே போனாள். இவள் கீழே இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை. “முடிஞ்சுதும்மா, மருந்தை நிறுத்திட்டோம். எப்படி இருக்கு? அம்மா, அழுறீங்களா? ரொம்ப வலிச்சுதா?” தமயந்தி தலையை ஆட்டினாள், ஆட்டக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தினாள். “இல்லம்மா. நீங்க எடுங்க.” கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது, துடைக்கக் கை இல்லை.

நாலு மணிக்கு டாக்டர் ரெஹானா கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் கறுப்பும் சாம்பலுமாக இதயம் துடித்துக்கொண்டிருந்தது, வளையம் மாதிரி. “பெரிய குழாய்கள் சுத்தமா இருக்கு, அது ஏற்கெனவே தெரியும். இது அதுக்கப்புறம் இருக்கற பொடிப்பொடிக் குழாய்கள். முடியை விட மெல்லிசு, ஆஞ்சியோல தெரியாது. வேலை கூடும்போது அது விரியணும், உங்களுக்கு விரியல. பாருங்க, மருந்து போகும்போது இந்த உள் ஓரமெல்லாம் கறுப்பா இருக்கு, ரத்தம் போய்ச் சேரல. வலி நிஜம். இதுக்கு மாத்திரை இருக்கு. முழுசாப் போகும்னு சொல்லமாட்டேன், கட்டுக்குள்ள வைக்கலாம். உங்களை மாதிரி வயசுப் பொம்பளைங்க நிறையப் பேருக்கு இது இருக்கு, ஒண்ணுமில்லைன்னு அனுப்பிடறாங்க.” சோமசுந்தரம் கைக்குட்டை முடிச்சைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து, வராந்தா ஜன்னல் பக்கம் நின்று, அவள் முகத்தைப் பார்க்காமல், “நான் நம்பலைல்ல தமயந்தி. ரெண்டு வருஷமா” என்றார். திட்டலாம். திட்ட வேண்டும் என்று எத்தனையோ நாள் சொல் சேர்த்து வைத்திருந்தாள். இந்த மனுஷன் தெரியாமல் செய்தார், லைனில் கரண்ட் இருந்தால் இருக்கிறது என்று நினைத்தார், அவ்வளவுதான். தெரிந்து செய்தவள் தெரியாமல் செய்தவரை என்னவென்று திட்டுவது? “போய் மாத்திரை வாங்கிட்டு வாங்க” என்றாள். “நான் ஒரு போன் பேசணும்.” அவர் சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைப் பக்கம் நடந்தார். போனில் ‘பொன்மலர் சயின்ஸ்’ என்று பெயர் இன்னும் இருந்தது. நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தாள், மாறியிருந்தால் நல்லது என்றும் நினைத்தாள். மணி அடித்தது.

“ஹலோ?”

“பொன்மலர், நான் தமயந்தி பேசுறேன்.”

பின்னால் பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. ட்யூஷன் எடுக்கிறாள் போலிருக்கிறது. ஒரு கதவு சாத்தப்பட்டது, சத்தம் குறைந்தது. “சொல்லுங்க மேடம்.”

“உங்க நெஞ்சுவலி இப்ப எப்படி இருக்கு?”

“எதுக்குக் கேக்குறீங்க?”

“எனக்கும் வந்துருச்சு. ரெண்டு வருஷமா. ஆஞ்சியோல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. இன்னைக்கு மதுரையில வேற ஒரு டெஸ்ட் எடுத்தாங்க, அதுல தெரிஞ்சிருச்சு. சின்னக் குழாய்ல கோளாறாம். அது ஆஞ்சியோல தெரியாதாம்.” மூச்சு வாங்கியது. என்றாவது இவளிடம் பேச நேர்ந்தால் என்று பஸ்ஸில் வரும்போது சேர்த்துவைத்த வாக்கியம் எதுவும் இல்லை, டெஸ்டுக்கு முந்தி சேர்த்தது எல்லாம் வேறு யாருக்கோ எழுதியதுபோல் இருந்தது. “பொன்மலர், அன்னைக்குப் படியில நீங்க உக்காந்திருந்தீங்கல்ல. டிசம்பர்ல. நான் பார்த்தேன். உங்களுக்கு வேர்த்திருந்துச்சு. நிஜம்னு எனக்குத் தெரிஞ்சுருச்சு. தெரிஞ்சுதான் எந்திரிக்கச் சொன்னேன்.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது.

“தெரியும் மேடம்” என்றாள் பொன்மலர். குரலில் கோபம் இல்லை, வகுப்பில் விடை சொல்கிற குரல். “நீங்க என் மூஞ்சியப் பார்த்தீங்க. நானும் உங்க மூஞ்சியப் பார்த்தேன்ல. அதுக்கப்புறம் எத்தனை டாக்டர், எங்க வீட்டுக்காரரு, எங்க அக்கா, எல்லாரும் மனசுதான்னு சொன்னாங்க. எனக்கே சந்தேகம் வந்துரும், நம்மளாத்தான் நினைச்சுக்கிறோமோன்னு. அப்பல்லாம் அந்தப் படியைத்தான் நினைப்பேன். இல்ல, ஒருத்தங்க பார்த்தாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சுதுன்னு. ஆறு வருஷமா எனக்கு இருந்த சாட்சி நீங்க ஒருத்தங்கதான்.”

தமயந்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “பொன்மலர், என்னைய...”

“அதை அப்புறம் பேசலாம் மேடம். அந்த டெஸ்ட் பேரு என்ன? எந்த டாக்டரு? இருங்க, பேனா எடுத்துட்டு வர்றேன்.” நாற்காலி நகர்கிற சத்தம், ஒரு பிள்ளையைச் சத்தம் போடாதே என்று அதட்டுகிற சத்தம், பிறகு காகிதம் புரள்கிற சத்தம். “ம். சொல்லுங்க. மெதுவா, ஒவ்வொரு எழுத்தா.”